பழைய மௌன கௌபாய் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கௌபாய் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது சிவகாசி காமிக்ஸ்தான். டெக்ஸ் வில்லர் தமிழில் எச்சரித்துவிட்டுத்தான் சுடுவார். அப்புறம் ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையேறிய படங்கள். அதற்கும் அப்புறம் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் சுருட்டும் விசில் இசையும். நானும் அந்த வரிசையில் வந்தவன்தான். ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் போனில் எதையோ தேடப்போய், 1908-ல் எடுத்த ஒரு படத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு சின்ன ஊரில் வங்கிக் கொள்ளை. படம் சுமார், உள்ளதைச் சொன்னால் மோசம். ஆனால் கொள்ளையராக வருபவர்களில் ஒருவர் நிஜமாகவே ரயில் கொள்ளைக்காக ஜெயிலுக்குப் போய்த் திரும்பியவர் என்றும், படத்தை இயக்கியவர் நிஜமாகவே கொள்ளையரைத் துரத்திப் பிடித்த மார்ஷல் என்றும் அப்புறம் படித்தபோது, வராத தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

இந்தப் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த இடத்தில்தான். பின்னாளில் வந்த கௌபாய் படங்கள் முடிந்துபோன காலத்தைச் செட் போட்டுக் காட்டின. இவை எடுக்கப்பட்டபோது அந்தக் காலத்தின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. துப்பாக்கிச் சண்டைகளுக்குப் பேர்போன வயட் ஏர்ப் 1929 ஜனவரியில்தான் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். அவருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் வில்லியம் எஸ். ஹார்ட், டாம் மிக்ஸ் என்று இரண்டு சினிமா கௌபாய்கள் இருந்தார்கள்.

கீழே சொல்வது நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வரிசை. வாரத்துக்கு ஒரு படம் போதும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஐந்து பார்த்தால் எல்லாக் குதிரையும் ஒரே குதிரையாகிவிடும்.

முதலில் பன்னிரண்டு நிமிடம்

‘தி கிரேட் டிரெயின் ராபரி’, 1903. எடிசன் கம்பெனிக்காக எட்வின் எஸ். போர்ட்டர் எடுத்தது. இதைவிடப் பழையதும் இருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகள் குழந்தையைக் கடத்திப் போவது போல 1899-லேயே ஒரு துண்டுப்படம் எடுத்திருக்கிறார்கள், அதுவும் இங்கிலாந்தில், பிளாக்பர்ன் என்ற பஞ்சாலை ஊரில்! ஆனால் தொடங்குவதற்குப் போர்ட்டரின் படம்தான் சரி. இதுவும் மேற்கே எடுத்ததல்ல. நியூயார்க்கில் ஸ்டூடியோ, வெளிப்புறத்துக்குப் பக்கத்திலிருந்த நியூஜெர்சிக் காடு, அவ்வளவுதான்.

இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை கதைக்காக: ரயிலை மறிக்கிறார்கள், கொள்ளையடிக்கிறார்கள், பிடிபடுகிறார்கள். இரண்டாவது தடவை கதையை விட்டுவிட்டு மூலைகளைக் கவனியுங்கள். தந்தி அலுவலகக் காட்சியில் ஜன்னலுக்கு வெளியே ரயில் வந்து நிற்கும். அறை ஸ்டூடியோவில் போட்ட செட், ரயில் வேறொரு இடத்தில் எடுத்தது. இரண்டையும் ஒரே ஃபிலிமில் சேர்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்து கிராஃபிக்ஸ். அடுத்து, இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரிமேல் நடக்கும் சண்டை. அடி வாங்குகிறவர் ஒரு நொடியில் துணிப் பொம்மையாக மாறிக் கீழே எறியப்படுவார். எந்த இடத்தில் மாறினார் என்று கண்டுபிடிக்க நான் ஏழெட்டு முறை பின்னால் இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, மீசைக்காரர் ஒருவர் நெஞ்சளவு குளோசப்பில் நின்று நம்மைப் பார்த்தே சுடுவார். ஜஸ்டஸ் டி. பார்ன்ஸ் என்ற நடிகர். கதைக்கும் இந்த ஷாட்டுக்கும் சம்பந்தமில்லை. இதைப் படத்தின் தொடக்கத்திலும் போடலாம், முடிவிலும் போடலாம் என்று திரையிடுபவர் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். அதனால் நீங்கள் பார்க்கும் பிரதியில் இது முதலில் வந்தால் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

வேகத்தையும் சத்தத்தையும் சரிசெய்தல்

மௌனப்படம் என்றால் எல்லாரும் தடதடவென்று ஓடுவார்கள் என்று நினைக்கிறோமே, அது அந்தப் படங்களின் குற்றமில்லை. அன்றைக்குக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16, 18 ஃபிரேம் என்ற கணக்கில் எடுத்ததை, பிற்காலத்தில் 24 ஃபிரேம் வேகத்தில் ஓடவிட்டுப் பிரதி எடுத்ததால் வந்த வினை. பிளேயரில் வேகத்தை 0.75 என்று வையுங்கள்; பெரும்பாலும் மனித நடைக்கு வந்துவிடும். நல்ல காப்பகங்கள் வெளியிடும் பிரதிகளில் இதை முன்பே சரிசெய்திருப்பார்கள், அவற்றைத் தொடவேண்டாம். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், குதிரைத் துரத்தலை வைத்து முடிவு செய்யாதீர்கள். யாராவது உட்கார்ந்து காபி குடிக்கும் காட்சி வரும்வரை காத்திருங்கள். கோப்பை வாய்க்குப் போகும் வேகம் உண்மையைச் சொல்லிவிடும்.

வேகத்தைக் குறைத்தால் இசை இழுபடும். மியூட் செய்துவிடுங்கள். இலவசப் பிரதிகள் பலவற்றில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பியானோ ரெக்கார்டைச் சம்பந்தமில்லாமல் ஒட்டியிருப்பார். சாவுக் காட்சியில் கல்யாண இசை வரும். நான் ஒருமுறை துரத்தல் காட்சிக்குத் தவில் தனியாவர்த்தனம் ஓடவிட்டேன். பொருத்தம் பிரமாதம், வீட்டில் மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை.

நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் திடீரென்று முழுக்க நீலமாகும், அது இரவு. சிவப்பானால் தீ. மஞ்சள் கலந்த பழுப்பு விளக்கு வெளிச்சத்துக்கு. ஃபிலிமைச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். மட்டமான பிரதிகளில் இந்தச் சாயம் போய்விட்டிருக்கும். கொளுத்தும் வெயிலில் ஒருவர் கையில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போனால் சிரிக்காதீர்கள். அவர் இருட்டில் போகிறார். நீலம்தான் காணாமல் போயிருக்கிறது.

இன்னொன்று: நடுநடுவே வசனத்தை எழுத்தில் காட்டும் டைட்டில் கார்டில் ‘சலூன்’ என்று வந்தால் அது சாராயக்கடை. நம்ம ஊர் முடிதிருத்தும் நிலையம் என்று நினைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகும்.

பிராங்கோ பில்லி

1903 படத்தில் மூன்று நான்கு சின்ன வேடங்களில் வந்துபோன ஒருவர் கில்பர்ட் எம். ஆண்டர்சன். குதிரையேறத் தெரியும் என்று சொல்லி வேலை வாங்கியவர், ஏறியதும் விழுந்தார் என்பார்கள். இவரே பின்னாளில் எஸ்ஸனே கம்பெனியைக் கூட்டாகத் தொடங்கி, பிராங்கோ பில்லி என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிப் படங்களில் நடித்து, உலகின் முதல் கௌபாய் நட்சத்திரமானார். கலிபோர்னியாவில் நைல்ஸ் என்ற ஊரில் படம் எடுத்தார்கள். அங்கே இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்ல ஒரு மௌனப்பட அருங்காட்சியகம் இருக்கிறது.

ஒவ்வொன்றும் ஒரு ரீல், பத்துப் பதினைந்து நிமிடம். கதை ஏறக்குறைய ஒன்றுதான்: திருடன் பில்லி தப்பித்துப் போகும்போது ஒரு குழந்தையோ நோயாளியோ குறுக்கே வருவார்கள், அவர்களுக்கு உதவப்போய் மாட்டிக்கொள்வான். 1910-ல் வந்த ‘பிராங்கோ பில்லிஸ் ரிடெம்ப்ஷன்’ ஒன்றைப் பாருங்கள். பிடித்தால் இன்னும் இரண்டு. அதற்குமேல் வேண்டாம்.

ஹார்ட்: இங்கே நிதானமாக இருங்கள்

வில்லியம் எஸ். ஹார்ட் நாடக நடிகர். சினிமாவுக்குள் முழுசாக வந்தது 1914-ல், ஐம்பதை நெருங்கும் வயதில். நீண்ட முகம், ஒட்டிய கன்னம், சிரிக்கவே சிரிக்காத வாய். மற்ற கௌபாய்கள் சட்டையில் ஜிகினா ஒட்டிக்கொண்டு திரிந்தபோது இவர் அழுக்குத் துணியும் புழுதியுமாக வந்தார். குதிரைக்குப் பெயர் ஃபிரிட்ஸ். பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான உடம்பு. இரண்டு மூன்று படம் பார்த்ததும் தூரத்தில் வரும்போதே அடையாளம் தெரிந்துவிடும்.

முதலில் ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’, 1916. ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல். கெட்டழிந்த ஊர் ஒன்றுக்கு ஒரு இளம் பாதிரியாரை அனுப்புகிறார்கள். அவர் பலவீனமான ஆள், கூட வரும் தங்கைதான் உறுதியானவள். பாதிரியாரை விரட்ட சாராயக்கடைக்காரன் ஏற்பாடு செய்யும் துப்பாக்கிக்காரன்தான் ஹார்ட். வண்டியிலிருந்து இறங்கும் அந்தப் பெண்ணை அவர் பார்க்கிறார். அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கையும் அசையாது, புருவமும் அசையாது. கண் மட்டும் குழம்பும். இவ்வளவு சின்ன நடிப்பை 1916-ல் எதிர்பார்க்க மாட்டோம், அன்றைய நடிகர்கள் பலர் காற்றாடி மாதிரி கையை வீசிக்கொண்டிருந்த காலம்.

இன்னொரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. அவள் கொடுத்த பைபிளை ராத்திரி உட்கார்ந்து படிக்கிறார். வாயில் சிகரெட், பக்கத்தில் விஸ்கி பாட்டில். திருந்துகிறவன் ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டுவிடுவதாகக் காட்டியிருந்தால் நான் கொட்டாவி விட்டிருப்பேன்.

முடிவில் பாதிரியார் குடித்துச் சீரழிந்து, தன் கோயிலுக்கே தீ வைக்கும் கூட்டத்தோடு சேர்ந்து செத்துப்போகிறார். ஹார்ட் பதிலுக்குச் சாராயக்கடையைக் கொளுத்த, ஊர் முழுக்க எரிகிறது. சாயம் போகாத பிரதி கிடைத்தால் அந்தக் கடைசிப் பகுதி முழுவதும் சிவப்பாக இருக்கும். எரிவது சின்னதாகச் செய்த மாதிரி வடிவம் அல்ல, மலையடிவாரத்தில் நிஜமாகக் கட்டிய மரவீடுகள். சாம்பலும் புகையும் மனிதர்களும் ஒரே சட்டகத்தில் ஓடுகின்றன. இதற்காகவே போனில் பார்க்க வேண்டாம், டிவியில் பாருங்கள்.

பிடித்துப்போனால் அதே ஆண்டின் ‘தி ரிட்டர்ன் ஆஃப் டிரா ஈகன்’. கொள்ளைக்காரன் ஒருவன் இன்னொரு ஊரில் போலீஸ்காரனாகும் கதை. ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’ அளவுக்கு இல்லை, ஆனால் லேசாக இருக்கும்.

ஃபோர்டின் முதல் படி

இயக்குநர் ஜான் ஃபோர்டு என்றால் பிற்காலத்து ஜான் வெய்ன் படங்களைத்தான் சொல்வார்கள். 1917-ல் அவர் 23 வயது ஜாக் ஃபோர்டு. இரண்டு ரீலில் முடிக்க வேண்டிய படத்தை ஐந்து ரீலுக்கு இழுத்துவிட்டார் என்பார்கள். அதுதான் ‘ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்’, அவருடைய முதல் முழுநீளப் படம். நாயகன் ஹாரி கேரி. அறிமுகக் காட்சியே வேடிக்கை: மரத்தில் ‘பிடித்துத் தருவோருக்குப் பரிசு’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும், தேடப்படும் ஆள் அதே மரத்தின் பொந்துக்குள்ளிருந்து தலையை நீட்டுவார்.

மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஒரு விவசாயக் குடும்பத்தை விரட்ட அவரை அமர்த்துகிறார்கள். தண்ணீர் எடுக்கப்போன மகனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். புதைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு கேரி வந்துசேர்கிறார், அங்கே மனம் மாறுகிறார். கேரி நிற்கும்போது ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொள்வதைக் கவனித்து வையுங்கள். 1956-ல் ஃபோர்டு எடுத்த ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தின் கடைசி ஷாட்டில், வாசலுக்கு வெளியே ஜான் வெய்ன் அதே மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது கேரிக்குச் செய்த மரியாதை. வரிசையாகப் பார்த்துவந்தவர்களுக்குத்தான் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

இந்தப் படம் ரொம்ப காலம் தொலைந்துபோனது என்றே நினைத்திருந்தார்கள். 1960-களில் செக் நாட்டுக் காப்பகத்தில் கிடைத்தது.

டாம் மிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஹார்ட்டுக்கு நேர் எதிர்: வெள்ளைத் தொப்பி, சிரிப்பு, சாகசம், டோனி என்ற அழகான குதிரை. கொலராடோ மலைகளில் எடுத்த ‘தி கிரேட் கே அண்ட் ஏ டிரெயின் ராபரி’, 1926, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் போதும். குழந்தைகளோடு பார்க்கலாம். அவருடைய ஃபாக்ஸ் கம்பெனிப் படங்களில் பெரும்பாலானவை 1937-ல் நியூஜெர்சிக் கிடங்கு ஒன்றில் பிடித்த தீயில் போய்விட்டன. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம், வெயில் ஏறினால் தானே பற்றிக்கொள்ளும் சரக்கு.

இனி யாரும் போகாத சந்துகள்

இதுவரை பார்த்தவை பெயர்பெற்றவை. இனிமேல்தான் எனக்குப் பிரியமான பகுதி.

நான் தொடக்கத்தில் சொன்ன படம் ‘தி பேங்க் ராபரி’. ஓக்லஹோமாவில் கேஷ் என்ற ஊரில் எடுத்தது. மார்ஷல் பில் டில்க்மன் இயக்கம், முன்னாள் கொள்ளைக்காரர் அல் ஜென்னிங்ஸ் நடிப்பு. கமான்சி என்ற பூர்வகுடி மக்களின் பெருந்தலைவர் குவானா பார்க்கரும் தலைகாட்டுகிறார். கேமரா எங்கோ தூரத்தில் நிற்கிறது; ஆள்கள் எறும்பு மாதிரி; யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே புரியாது. கொள்ளை நிஜம் என்று நம்பி ஒருவர் வங்கி ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார் என்று ஒரு கதையும் உண்டு. இதை நாடகமாகப் பார்த்தால் பத்து நிமிடம்கூட உட்கார முடியாது. அந்தத் தெருவைப் பாருங்கள். கட்டிடங்களின் முகப்பு, கட்டிவைத்த குதிரைகள், அகலமான வெறும் மண். நிஜக் கொள்ளைக்காரன் குதிரையிலிருந்து எப்படி இறங்குகிறான் என்று பாருங்கள். ஸ்டைலே இல்லை, ஏதோ வேலைக்கு வந்தவன் போல இறங்குவான்.

அதே ஜென்னிங்ஸ் 1918-ல் ‘தி லேடி ஆஃப் தி டக்அவுட்’ படத்தில் தன் வேடத்தில் தானே நடித்தார். இடையில் ஓக்லஹோமா கவர்னர் பதவிக்கு நின்று தோற்றிருந்தார், அது தனிக்கதை. போலீசிடமிருந்து ஓடிவரும் கொள்ளைச் சகோதரர்கள், வெட்டவெளியில் நிலத்தைத் தோண்டிக் கூரை போட்ட பொந்து வீட்டில் பசியோடு கிடக்கும் ஒரு பெண்ணையும் குழந்தையையும் காண்கிறார்கள். இந்தப் படத்தில் மேற்கு அழகாகவே இல்லை. மரமில்லை, மலையில்லை, காற்றும் புல்லும்தான். அதனாலேயே நம்பத்தோன்றுகிறது.

பூர்வகுடிகளைப் பற்றி ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும். இந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ‘செவ்விந்தியர்’ ஆகி, கத்திக்கொண்டே வந்து செத்து விழுவார்கள். பார்க்கச் சகிக்காது, சகிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் எல்லாப் படமும் அப்படி இல்லை. ஜேம்ஸ் யங் டியர் என்ற பூர்வகுடி இயக்குநர் 1910-ல் எடுத்த ‘ஒயிட் ஃபான்ஸ் டிவோஷன்’ பதினோரு நிமிடப் படம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் காப்பாற்றி வைத்திருக்கிறது. அடுத்தது ‘தி டாட்டர் ஆஃப் டான்’, 1920. கியோவா, கமான்சி மக்கள் முந்நூறு பேருக்கு மேல் நடித்தார்கள், வெள்ளை நடிகர் ஒருவர்கூட இல்லை. கூடாரம், உடை, குதிரை எல்லாம் அவர்களே வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. குவானா பார்க்கரின் மகனும் மகளும் இதில் முக்கிய வேடங்களில் வருகிறார்கள். பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்து, வட கரோலினாவில் ஒரு தனியார் துப்பறிவாளருக்குக் கூலிக்குப் பதிலாகக் கைமாறிய ஐந்து ரீல்களாகத் திரும்பி வந்தது. காதல் கதை சாதாரணம். கூடாரங்களுக்கு நடுவே பின்னணியில் நடமாடும் கிழவிகளையும் பிள்ளைகளையும் கவனியுங்கள். அவர்கள் நடிக்கவே இல்லை.

பில் பிக்கெட் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பின கௌபாய். ஓடும் குதிரையிலிருந்து காளையின்மேல் பாய்ந்து கொம்பைப் பிடித்து முறுக்கி, உதட்டைப் பல்லால் கடித்துக் கீழே சாய்ப்பதில் பேர் வாங்கியவர். ஏறுதழுவுதல் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தப் பாய்ச்சல் அந்நியமாகத் தெரியாது. 1922-ல் அவரை வைத்து ‘தி புல்-டாக்கர்’ எடுத்தார்கள். இன்று எஞ்சியிருப்பது துண்டுகள்தான். துண்டுகளாவது பாருங்கள்.

எங்கே கிடைக்கும்

1929 வரை வெளியான அமெரிக்கப் படங்களுக்கு அந்த நாட்டில் காப்புரிமை முடிந்துவிட்டது. அதனால் இன்டர்நெட் ஆர்கைவ், யூடியூப் இரண்டிலும் ஏராளம். முதலில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பாதுகாப்பு அறக்கட்டளை இவற்றின் தளங்களில் தேடுங்கள், பிரதி தெளிவாக இருக்கும். ஒரே படம் நான்கு இடத்தில் கிடைத்தால் ஓடும் நேரத்தை ஒப்பிடுங்கள். மிகக் குறைவாக இருப்பதில் ஒன்று வேகம் தப்பு, இல்லை காட்சிகள் வெட்டு. ஐரோப்பியக் காப்பகங்களிலிருந்து வரும் பிரதிகளில் டைட்டில் கார்டு டச்சு மொழியில் இருக்கலாம். பயப்பட வேண்டாம், போன் கேமராவை நீட்டினால் மொழிபெயர்த்துத் தரும்.

தேடியது கிடைக்காவிட்டால் மனம் தளரவும் வேண்டாம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் எடுத்த சுமார் 11,000 முழுநீள மௌனப்படங்களில் வெளிவந்த வடிவிலேயே மிஞ்சியிருப்பவை 14 சதவீதம்தான். காணாமல் போனவை திடீரென்று வரவும் செய்யும். 1978-ல் கனடாவின் டாசன் சிட்டியில் பழைய நீச்சல் குளத்தை மூட மண்ணோடு கொட்டிய 533 ரீல்கள் தோண்டியபோது வெளியே வந்தன.

ஒன்றை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். ஹார்ட்டின் கடைசிப் படம் ‘டம்பிள்வீட்ஸ்’, 1925. 1939-ல் அதை மறுபடி வெளியிட்டபோது, 74 வயது ஹார்ட் தன் பண்ணையில் கௌபாய் உடுப்போடு நின்று எட்டு நிமிடம் போலப் பேசுவதை முன்னால் சேர்த்தார்கள். விட்டுப்போன சினிமாவைப் பற்றியும் செத்துப்போன குதிரையைப் பற்றியும் பேசுவார். அவருடைய இரண்டு படங்களையாவது பார்க்காமல் இதற்குப் போனால் யாரோ ஒரு கிழவர் நாடக வசனம் பேசுவது மாதிரி இருக்கும். பார்த்துவிட்டுப் போங்கள். மறக்காமல் மியூட்டை எடுத்துவிடுங்கள்.